வலவனின் கடன்

இலக்கியம் பேசும் இடத்தில் ஹெலிகாப்டர் ஓட்டும் வேலையைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நாம் ஆரணிப் பகுதிக் கல்லூரி ஒன்றில் தமிழ் கற்பிக்கிறோம். நம் வகுப்பில் அமர்பவர்களில் பலர் பட்டுத்தறி வீட்டுப் பிள்ளைகள். தறியை விட்டு வெளியேறும் வழியைத் தேடுவதுதான் அவர்களுக்குக் கல்வி என்றாலும் மிகையில்லை. காவல்துறை, ஆசிரியர் பணி, சென்னையில் மென்பொருள் நிறுவனம் என்று நீண்டுவந்த ஆசைகளின் வரிசையில் அண்மையில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. கேதார்நாத்துக்கு யாத்திரிகர்களை ஏற்றிச் செல்லும் ஹெலிகாப்டர்களின் காணொளிகள் எல்லோருடைய கைபேசியிலும் ஓடுகின்றன. "அய்யா, இதை ஓட்டுகிறவராக ஆவதற்கு என்ன படிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்கள்.

தமிழாசிரியரிடம் கேட்பதற்குரிய கேள்வி அன்று இது. ஆயினும் கேட்கிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்களுக்குக் கேட்க வேறு ஆள் இல்லை. சென்ற ஆண்டு ஒரு மாணவருடைய தந்தையே நேரில் வந்தார். பயிற்சிக்குப் பணம் கட்ட வீட்டை அடமானம் வைக்கலாமா என்பது அவருடைய கேள்வி. ஆரணியில் நெசவாளரின் வீடு குடியிருப்பு மட்டுமன்று. தரையில் குழி தோண்டித் தறி போட்டிருப்பது அதே வீட்டுக்குள்தான். வீட்டை வைப்பது தொழிலையும் சேர்த்து வைப்பதாகும். அதன் பிறகே இத்துறையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினோம். படித்ததிலிருந்து நமக்கு ஏற்பட்ட கருத்து இது: இவ்வேலையில் நம் பிள்ளைகளுக்கு உள்ள பெரிய ஆபத்து உயரம் அன்று, கடன்.

நம் இலக்கியத்தில் வானூர்தி ஓட்டக் கற்ற முதல் மாணவி விசயை எனலாம். சீவக சிந்தாமணியில் சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்து, அதை இயக்கும் பயிற்சியையும் அரசிக்கு அளிக்கிறான். வலப்புறம் திரித்தால் ஏறும், இடப்புறம் திரித்தால் இறங்கும். கட்டியங்காரன் அரண்மனையைச் சூழ்ந்த நாளில் அவள் தனியே பறந்து தப்புகிறாள். பொறி அவளைச் சுடுகாட்டில் இறக்கிவிடுகிறது. பறப்பதற்கு முன் பழக வேண்டும் என்பதைத் திருத்தக்கதேவர் மறக்கவில்லை. அப்பயிற்சிக்கு என்ன செலவாயிற்று என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. அரசன் வீட்டுப் பயிற்சிக்கு அக்கணக்கு தேவைப்படாது. நமக்குத் தேவைப்படுகிறது.

இன்றைய இந்தியாவில் வழி இவ்வாறு அமைந்திருக்கிறது. டிஜிசிஏ எனப்படும் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம் ஹெலிகாப்டர் விமானிகளுக்கான வணிக உரிமத்தை வழங்குகிறது. வயது 18 நிறைந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் விதி. அதைத் தளர்த்தலாம் என்ற பேச்சு 2025இல் எழுந்தது. கலைப்பிரிவில் படித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக அவ்விரு பாடங்களையும் எழுதித் தகுதி பெறுவதும் உண்டு. முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். வான்வழி காணல், வானிலையியல், வான்சட்டம், இயந்திர நுட்பம் ஆகியவற்றில் தேர்வுகள் உள்ளன. இவை அனைத்துக்கும் மேலாக, ஏறத்தாழ 150 மணி நேரம் ஹெலிகாப்டரில் பறந்திருக்க வேண்டும்.

செலவு முழுவதும் அந்த 150 மணி நேரத்தில்தான் இருக்கிறது. தேர்வுகளை உழைத்துப் படித்துவிடலாம். பறத்தலுக்கு மணிக்கணக்கில் பணம் கட்ட வேண்டும். சாதாரண சிறு விமானத்தைவிட ஹெலிகாப்டருக்கு ஒரு மணி நேரச் செலவு மிகுதி. எல்லாம் சேர்ந்து பல பத்து லட்ச ரூபாயைத் தொடும். பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்து அடமானம் கேட்கும். தறி வீட்டில் சொத்து என்று இருப்பது அந்த வீடு ஒன்றே. ஹெலிகாப்டர் ஓட்டக் கற்பிக்கும் இடங்களும் நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவையே. பெங்களூரில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் நடத்தும் பயிற்சிக்கழகம் அவற்றுள் ஒன்று. நம் சிற்றூர்களின் சுவர்களில் விமானப் படத்தோடு காணப்படும் விளம்பரங்களில் பெரும்பாலானவை விமான நிலையத் தரைப்பணிகளுக்கான படிப்புகளைப் பற்றியவை. படத்தில் விமானியின் தொப்பி இருக்கும். பாடத்திட்டத்தில் அது இருக்காது.

உரிமம் பெற்றாயிற்று என்றே கொள்வோம். அதன் பின் என்ன? இங்கேதான் நம் பிள்ளைகள் இணையத்தில் படிப்பதற்கும் இந்திய நிலைமைக்கும் இடையே பெரும் பிளவு தோன்றுகிறது. அவர்கள் படிப்பவை அமெரிக்கக் கதைகள். அங்கே உரிமம் பெற்றவர் முதலில் பயிற்றுநராகிப் புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பார். அவ்வாறு ஆயிரம் மணி நேரம் அளவுக்குப் பறந்து தேறிய பின் கிராண்ட் கேன்யன், லாஸ் வேகாஸ், ஹவாய் போன்ற இடங்களில் சுற்றுலா ஹெலிகாப்டர் ஓட்டுவார். அங்கிருந்து மருத்துவ ஹெலிகாப்டர், கடல் எண்ணெய்க் கிணறு என்று மேலே போவார். சுற்றுலா அங்கே ஏணியின் நடுப்படி.

அந்த ஏணியும் எல்லோரையும் ஏற்றிவிடவில்லை. லாஸ் வேகாஸைத் தலைமையிடமாகக் கொண்ட சில்வர் ஸ்டேட் ஹெலிகாப்டர்ஸ் என்ற பயிற்சி நிறுவனம், ஏறத்தாழ 70,000 டாலர் கட்டணத்தை முன்கூட்டியே கடனாகப் பெற்றுக் கட்டச் செய்து மாணவர்களைச் சேர்த்தது. 2008 பிப்ரவரியில் ஒரே நாளில் கதவை மூடித் திவாலாயிற்று. பாதிப் பயிற்சியில் நின்ற மாணவர்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் இருந்தது. ஹெலிகாப்டர் போயிற்று, கடன் நின்றது. ஏணி இருக்கும் நாட்டிலேயே இவ்வாறு என்பதை நினைவில் கொள்க.

இந்தியாவில் அந்த ஏணிக்கு முதற்படிகள் இல்லை. பயிற்சிப் பள்ளிகளே சிலவாக இருக்கும்போது பயிற்றுநர் வேலை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? நாடு முழுவதிலும் பதிவுபெற்ற குடிமை ஹெலிகாப்டர்களே சில நூறுதான். இண்டிகோ நிறுவனம் ஒன்றிடமே நானூறுக்கு மேற்பட்ட விமானங்கள் உள்ளன என்பதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தச் சில நூறு ஹெலிகாப்டர்களும் மும்பைக் கடல் எண்ணெய்க் கிணறுகள், மாநில அரசுகள், தேர்தல் பிரசாரம், யாத்திரை என்று பிரிந்து கிடக்கின்றன. தமிழகத்தில் ஆண்டு முழுவதும் நடக்கும் சுற்றுலாச் சேவை என்று எதுவும் வேரூன்றவில்லை. ஆகவே இந்தியாவில் 'சுற்றுலா ஹெலிகாப்டர் விமானி' என்றால் நடைமுறையில் அது கேதார்நாத், வைஷ்ணவ தேவி, அமர்நாத் ஆகிய யாத்திரைத் தலங்களைச் சார்ந்த வேலையே.

அவ்வேலையின் தன்மையைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். கேதார்நாத் கோயில் ஏறத்தாழ 3,580 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கௌரிகுண்டிலிருந்து நடந்தால் 16 கிலோமீட்டர் ஏற்றம். குப்தகாசி, பாட்டா, சேர்சி ஆகிய இடங்களிலிருந்து ஹெலிகாப்டரில் போனால் சில நிமிடங்கள். இச்சேவையை ஆங்கிலத்தில் ஷட்டில் என்கிறார்கள். அச்சொல் தறியிலிருந்து போனது. நம் ஊர் மொழியில் அதற்கு நாடா என்று பெயர். நாடாவைப் போலவே காலை முதல் இப்பக்கமும் அப்பக்கமும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் மேலே சுழலும் விசிறிக்குப் பிடிமானம் குறையும், இயந்திரத்தின் வலுவும் குறையும். எனவேதான் பயணிகளை எடை போட்டு ஏற்றுகிறார்கள். பள்ளத்தாக்கு குறுகலானது. மேகம் கீழிருந்து எழுந்து சில நிமிடங்களில் வழியை அடைத்துவிடும். திரும்பிப் போக இடம் வேண்டுமென்றால் அம்முடிவை முன்னதாகவே எடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அங்கே பறப்பவை பெரும்பாலும் ஒற்றை இயந்திரமும் ஒற்றை விமானியும் கொண்ட சிறு ஹெலிகாப்டர்கள். விமானிக்குப் பக்கத்து இருக்கையிலும் பயணிதான் அமர்வார். இணை விமானியாக உட்கார்ந்து, மூத்தவர் ஓட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இருக்கை அதில் இல்லை. தறியில் புதிதாகப் பழகும் பிள்ளை தகப்பனாருக்குப் பக்கத்தில் அமர்ந்து, கோர்வைக்கு நாடா எடுத்துக்கொடுத்துத்தான் தொழில் கற்கிறது. கேதார்நாத் வேலையில் அந்தப் பக்கத்து இடமே கிடையாது. ஆகையால் அங்கே மலையில் பறந்து தேறியவர்களையே தேடுகிறார்கள். அத்தகையோர் பெரும்பாலும் ராணுவத்திலோ விமானப்படையிலோ பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள். 150 மணி நேரப் பறத்தலோடும் அடமானப் பத்திரத்தோடும் போய் நிற்கும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த வரிசையில் இடம் கிடைப்பது மிகக் கடினம்.

வேலை ஆண்டு முழுவதும் இருப்பதுமில்லை. சித்திரை வைகாசியில் திறக்கும் கோயில் தீபாவளியை ஒட்டி மூடப்படும். இடையில் மழைமாதங்களில் பறத்தல் பெரிதும் குறைந்துவிடும். ஆடியிலும் மார்கழியிலும் பட்டுக்கு ஓட்டம் இல்லாமல் தறி மந்தமாவதை அறிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடன் தவணைக்கு ஆடியும் தெரியாது, மார்கழியும் தெரியாது.

தேறியவர்களே ஓட்டினாலும் அந்தப் பள்ளத்தாக்கு மன்னிப்பதில்லை. 2022 அக்டோபர் 18 அன்று கேதார்நாத்திலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் கருட் சட்டி அருகே விழுந்ததில் விமானியோடு 7 பேரும் இறந்தனர். அவர்களில் மூவர் தமிழகத்தைச் சேர்ந்தவர்கள். 2025 யாத்திரைக் காலம் இன்னும் கொடியது. மே 8 அன்று உத்தரகாசி மாவட்டத்துக் கங்கனானி அருகே நிகழ்ந்த விபத்தில் 6 பேர் இறந்தனர். மே 17 அன்று கேதார்நாத்தில் மருத்துவ ஹெலிகாப்டர் ஒன்று தரையில் மோதி இறங்கியது. ஜூன் 7 அன்று இன்னொன்று நெடுஞ்சாலையில் அவசரமாக இறங்க நேர்ந்தது. ஜூன் 15 அதிகாலையில் கௌரிகுண்ட் அருகே நிகழ்ந்த விபத்தில் 7 பேர் இறந்தனர். அவர்களில் ஒரு குழந்தையும் உண்டு. அந்த விமானி ராணுவத்தில் பல ஆண்டுகள் பறந்து ஓய்வு பெற்ற அதிகாரி. அன்று பள்ளத்தாக்கில் மேகம் சூழ்ந்திருந்தது. அதற்குப் பிறகு சேவை இரண்டு நாட்கள் நிறுத்தப்பட்டது. தகாத வானிலையில் பறந்ததற்காக வேறொரு நிறுவனத்தைச் சேர்ந்த இரு விமானிகளின் உரிமம் ஆறு மாதங்களுக்கு முடக்கப்பட்டது.

மேகம் இமயமலைக்கு மட்டும் உரியதன்று. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் பயணம் செய்த விமானப்படை ஹெலிகாப்டர் விழுந்ததை நாம் மறந்திருக்க முடியாது. எதிர்பாராமல் மாறிய வானிலையில் மேகத்துக்குள் நுழைந்ததே காரணம் என்று 2022 ஜனவரியில் விமானப்படை அறிவித்தது. இரட்டை இயந்திரமும் தேர்ந்த விமானிகளும் இருந்த ஊர்தி அது.

இவற்றைக் கூர்ந்து நோக்கினால் மலையில் பறக்கும் விமானிக்கு வேண்டிய முதல் திறமை எது என்பது புலப்படும். ஹெலிகாப்டரை மேலே எழுப்புவது அன்று. "இன்று பறக்க இயலாது" என்று சொல்வது. வரிசையில் நூறு பேர் காத்திருக்க, நிறுவனம் நேரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்து இறங்குதளத்திலிருந்து வேறொருவர் கிளம்பிப் போக, தான் மட்டும் மறுப்பது எளிதன்று. சங்கப் பாடல்களில் தேர் செலுத்துபவனுக்கு வலவன் என்றும் பாகன் என்றும் பெயர். முல்லைத் திணையில் வினை முடித்துத் திரும்பும் தலைவன், தேரை விரைந்து செலுத்து என்று அவனிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறான். பெரும்பாலும் வலவன் வாய் திறப்பதில்லை; கேட்டுக்கொண்டு ஓட்டுகிறான். வானூர்தி வலவன் அவ்வாறு இருந்துவிட முடியாது. தலைவன் சொல்லை மறுப்பதே அவன் தொழில்.

மறுக்கும் துணிவு எங்கிருந்து வருகிறது? குணத்திலிருந்து வருகிறது என்போம். ஆரணித் தெருக்களில் வாழ்பவர்களுக்கு வேறொரு விடையும் தெரியும். முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளர், கொடுத்த பாவு சரியில்லை என்றாலும் வாய் திறக்க மாட்டார். கூலி குறைவு என்று வேறு இடத்துக்குத் தறியை மாற்றவும் முடியாது. முதலில் முன்பணத்தைத் திருப்பி வைக்க வேண்டும். அவர் கோழை அல்லர். பிழையான பாவு எது என்று நூலைத் தொட்டதும் சொல்லிவிடக்கூடியவர். அறிவு இருக்கிறது, அதைச் சொல்லும் சுதந்திரத்தை அடகு வைத்திருக்கிறார். அடமானத்தில் இருக்கும் வீட்டை நினைத்துக்கொண்டு ஓட்டும் விமானியும் அதே நிலையில்தான் நிற்கிறார். தறியில் பாவு பிழைத்தால் ஒரு சேலை கெடும். அங்கே ஆறு பயணிகள் அமர்ந்திருப்பார்கள்.

தமிழில் கடன் என்ற சொல்லுக்குக் கடமை என்றும் பொருள், திருப்பித் தர வேண்டிய பணம் என்றும் பொருள். விமானியின் வாழ்க்கையில் இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. பயணியைக் காக்கும் கடன் 'நில்' என்கிறது. வங்கிக் கடன் 'கிளம்பு' என்கிறது.

அப்படியானால் ஏழை வீட்டுப் பிள்ளை பறக்க ஆசைப்படக் கூடாதா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கூடாது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. அப்படிச் சொல்வதற்காக இதை எழுதவுமில்லை. பணம் கட்டாமல் பறக்கக் கற்கும் வழி ஒன்று நம் ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது என்பதைச் சொல்லவே எழுதுகிறோம். அரக்கோணத்தில் ஐஎன்எஸ் ராஜாளி என்ற கடற்படை வானூர்தித் தளம் 1992 முதல் இயங்குகிறது. கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி அங்கேதான் இருக்கிறது. தரைப்படைக்கு நாசிக்கிலும் விமானப்படைக்கு ஹைதராபாத்தை அடுத்த ஹக்கிம்பேட்டையிலும் பயிற்சியிடங்கள் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்போடு என்டிஏ தேர்வு, பட்டத்தோடு சிடிஎஸ், அஃப்கேட் தேர்வுகள் என்று நுழைவாயில்கள் இருக்கின்றன. தேர்வு கடினம், உடல் தகுதி கடினம், போட்டி மிகக் கடுமை. ஆனால் பறக்கக் கற்பிக்கும் செலவை அரசு ஏற்கிறது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் பணியாற்றி வெளியே வருபவரிடம் கடன் இருக்காது. மலையில் பறந்த மணிக்கணக்கு இருக்கும். மறுத்துப் பேசும் தெம்பும் இருக்கும். கேதார்நாத் நிறுவனங்கள் தேடுவது அவரைத்தான்.

இவ்வழி தங்களுக்கு ஒத்துவராது, சொந்தச் செலவில்தான் கற்க வேண்டும் என்று முடிவு செய்பவர்கள் சிலவற்றை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். ஒரு ரூபாய் கட்டுவதற்கு முன் மருத்துவச் சோதனையை முடித்துவிட வேண்டும். கண்ணிலோ காதிலோ குறை இருந்தால் அது முதல் நாளிலேயே தெரியட்டும். பள்ளியிடம் சொந்தமாக எத்தனை ஹெலிகாப்டர்கள் உள்ளன, அவற்றில் இன்று பறப்பவை எத்தனை என்று நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சென்ற மூன்று ஆண்டுகளில் உரிமம் பெற்றவர்களில் எத்தனை பேர் இன்று சம்பளத்துக்குப் பறக்கிறார்கள், எந்த நிறுவனத்தில் என்று கேட்க வேண்டும். பதில் தர மறுக்கும் பள்ளியின் 'நூறு சதவீத வேலை உறுதி' என்ற வாசகத்துக்குப் பொருள் இல்லை. கட்டணம் முழுவதையும் முன்கூட்டியே கட்டாமல், பறந்த நேரத்துக்குத் தவணையாகக் கட்ட வழி கேட்க வேண்டும். சில்வர் ஸ்டேட் மாணவர்களுக்கு வாய்க்காதது அதுவே. உரிமம் பெற்ற பின் கேதார்நாத்தைக் குறி வைக்காமல், இரு விமானிகள் ஓட்டும் ஹெலிகாப்டர்களைக் கடல் எண்ணெய்க் கிணறுகளுக்கு அனுப்பும் பவன் ஹன்ஸ் போன்ற நிறுவனங்களில் இணை விமானி இடத்துக்கு முயல வேண்டும். பக்கத்தில் அமர்ந்து கற்கும் இருக்கை அங்கேதான் இருக்கிறது. இடங்கள் குறைவு என்பதையும் மறைப்பதற்கில்லை.

அந்தத் தந்தையிடம் வீட்டை வைக்க வேண்டாம் என்றோம். அவர் மகனிடம் சிடிஎஸ் தேர்வுக்கான பாடத்திட்டத்தைக் கொடுத்தோம். கணிதத்தைக் கண்டு அவர் தயங்குகிறார். கணிதத் துறை நண்பர் ஒருவர் மாலையில் சொல்லித்தருகிறார். தேறுவாரா என்பது இனிமேல்தான் தெரியும். தேறாவிட்டாலும் அக்குடும்பத்துக்குத் தறி இருக்கும், அது நிற்கும் வீடும் இருக்கும்.

இறுதியாக, ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு அன்றி, ஏறி அமர்கிறவர்களுக்கு ஒன்று. ஆரணியிலிருந்தும் ஆண்டுதோறும் பலர் கேதார்நாத் போய்வருகிறார்கள். நம் நண்பர்களும் உறவினர்களும் அதில் உண்டு. ஒருநாள் இறங்குதளத்தில் மணிக்கணக்காகக் காத்திருந்த பின், மேகம் சரியில்லை, இன்று பறக்க முடியாது என்று விமானி சொல்லக்கூடும். "அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறோம், பக்கத்துக் கம்பெனிக்காரர் போகிறாரே" என்று அப்போது வாதிடாதீர்கள். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. விமானியிடம் நன்றி சொல்லிவிட்டு அறைக்குத் திரும்புங்கள். மறுப்பதால் தன் வேலை போய்விடாது என்று அவர் நம்புவதற்கு நிறுவனமும் அரசும் எவ்வளவு காரணமோ, வரிசையில் நிற்கும் நாமும் அவ்வளவு காரணம். நாளை அந்த இருக்கையில் நம் தெருப் பிள்ளை ஒருவர் அமர்ந்திருக்கலாம்.